சஹாராத் தூசியும் மண்டபத்து ஊருணியும்

கேள்வி: கச்சான் காற்று அடித்தால் எங்கள் ஊருணியில் மணல் படிகிறது. சஹாராத் தூசி ஸ்பெயின் மலை ஏரிகளின் நீரையே மாற்றுகிறதாமே, உண்மையா?
– வாசகி, மண்டபம்

பதில்: உண்மைதான் அம்மா. தெற்கு ஸ்பெயினின் சியரா நெவாடா உச்சி ஏரிகளைச் சுற்றி மரமே கிடையாது, மண்ணும் சொற்பம். ஆகவே நீரில் கரைந்த கரிமப் பொருளும் மிகக் குறைவு. அங்கே விழுகிற தூசி கணக்கில் ஏறும். அதோடு கரையக்கூடிய கரிமமும் பாஸ்பரசும் நுண்ணுயிர்களும் வந்து இறங்குகின்றன. பாஸ்பரஸ் கிடைத்ததும் பாக்டீரியா பெருகுகிறது. அது கழிப்பதும் நீரில் கரைகிறது. கரைந்ததில் நிறமுள்ள பகுதி புற ஊதாக் கதிரை உறிஞ்சி, கீழே வாழும் உயிர்களுக்குக் குடை பிடிக்கிறது. உங்கள் ஊருணிக் கதை வேறு. வரத்துக்கால் வழியே சாணமும் சருகும் ஏராளமாக வருகையில் காற்று மணல் எம்மாத்திரம்? மழைக்கு முன் அந்த வரத்துக் கால்வாயைத் தூர்வாரச் சொல்லிப் பஞ்சாயத்தை நச்சரியுங்கள்.