கட்டட விதியும் நம்ம ஊரும்: வாசகர் கேள்வி பதில்

நகராட்சிகளின் நகரமைப்புப் பிரிவில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர் பதில் அளிக்கிறார்.

கேள்வி: தாராசுரத்தில் 1,200 சதுர அடி மனை வாங்கியிருக்கிறேன். என் தம்பி தாம்பரம் பக்கம் வீடு கட்டினான். அவனிடம் கேட்காத தொல்லியல் துறை அனுமதியை என்னிடம் கேட்கிறார்கள். கட்டட விதி தமிழ்நாடு முழுக்க ஒன்றுதான் என்கிறார்களே, எங்கள் மாநகராட்சி மட்டும் தனியாக விதி போடுமா? - கும்பகோணம் வாசகி

பதில்: விதி ஒன்றுதான் அம்மா. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 பிப்ரவரி 4 அன்று வந்தது. அதற்கு முன்னால் சென்னைப் பெருநகருக்குத் தனி விதி, நகராட்சிகளுக்கு 1972ஆம் ஆண்டு விதிகள், ஊராட்சிகளுக்கு 1997ஆம் ஆண்டு விதிகள் என்று இருந்தது. நான் வேலை பார்த்த ஓர் ஊரில் ஒரே தெருவின் வலப்பக்கம் நகராட்சி, இடப்பக்கம் ஊராட்சி. எதிர்வீட்டுக்காரருக்குக் கிடைத்தது எனக்கு ஏன் கிடையாது என்று வந்து நிற்பவர்களிடம் பதில் சொல்லியே பாதி நாள் போகும். இப்போது அந்தச் சிக்கல் இல்லை. உயரம் குறைந்த சாதாரண வீடுகளுக்குத் தளப்பரப்புக் குறியீடு, அதாவது எஃப்.எஸ்.ஐ., முன்பு 1.5. 2019 முதல் 2. உங்கள் 1,200 சதுர அடி மனையில் எல்லா மாடியும் சேர்த்து முன்பு 1,800 சதுர அடி கட்டியிருக்கலாம், இப்போது 2,400 வரை போகலாம். பக்க இடைவெளியும், அதாவது மனை எல்லைக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே விட வேண்டிய இடமும், உயரமும் இடம் கொடுத்தால்தான் அந்த முழு அளவும் கிடைக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

சரி, அப்படியானால் தம்பிக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று எப்படி? மாநில விதி ஒரு சட்டகம் மாதிரி. அதற்குள் ஒவ்வொரு ஊரும் தன் நிலத்தைப் பொருத்திப் பார்க்கிறது. உங்கள் சர்வே எண் முழுமைத் திட்டத்தில், அதாவது ஊரின் மாஸ்டர் பிளானில், குடியிருப்பா, விவசாயமா? முன்னால் இருக்கும் ரோடு எத்தனை மீட்டர்? அது சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டும் தொடர் கட்டடப் பகுதியா? இதற்கெல்லாம் பதில் உள்ளூர்ப் பதிவேட்டில்தான் இருக்கிறது. ஒரே விதிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு இரண்டு ஊர் அலுவலகங்கள் வேறு வேறு பதில் சொல்வது இதனால்தான்.

உங்களுக்கு இதற்கு மேல் ஒன்று இருக்கிறது. உங்கள் தாராசுரத்து ஐராவதேசுவரர் கோயில் மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிதாகக் கட்ட முடியாது. அடுத்த 200 மீட்டர் அனுமதி வாங்கிக் கட்ட வேண்டிய பகுதி. இது மத்திய சட்டம். மாநகராட்சி நினைத்தாலும் தளர்த்த முடியாது. இந்தத் தூரத்தைக் கோபுரத்திலிருந்து அளக்க மாட்டார்கள், பாதுகாக்கப்பட்ட இடத்தின் எல்லையிலிருந்துதான் அளப்பார்கள். பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். மனை 100 மீட்டருக்குள் வருகிறதா என்பதை முதலில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிளான் போட இன்ஜினியருக்கு அட்வான்ஸ் கொடுப்பதெல்லாம் அப்புறம்.

கேள்வி: தேசிய கட்டட விதித்தொகுப்பு என்று ஒன்று இருக்கிறதாமே. எங்கள் மேஸ்திரி, அதெல்லாம் பெரிய அடுக்குமாடிக்குத்தான் என்கிறார். உண்மையா? - செங்கல்பட்டு வாசகர்

பதில்: உண்மை இல்லை. இந்தியத் தர நிர்ணய அமைவனம் அதை 1970இல் முதலில் வெளியிட்டது, 1983, 2005, 2016 ஆண்டுகளில் திருத்தியது. அது பரிந்துரைதான். மாநிலமோ உள்ளாட்சியோ தன் விதிக்குள் எடுத்துக்கொள்ளும்போதுதான் சட்ட பலம் பெறுகிறது. நம் விதிகள் கட்டமைப்புப் பாதுகாப்புக்கும் தீ பாதுகாப்புக்கும் அதைத்தான் கைகாட்டுகின்றன. ஆகவே சின்ன வீட்டுக்கும் அது பொருந்தும்.

மேஸ்திரியிடம் ஒன்றே ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். தூண் கம்பியைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் முனை எப்படி வளைந்திருக்கிறது? வெறும் 90 டிகிரியில், சட்டைக் காலர் மாதிரி வெளியே நின்றால் ஆகாது. 135 டிகிரிக்கு மடங்கி, முனை தூணின் உள்பக்கம் குறைந்தது 65 மில்லிமீட்டர் நீண்டிருக்க வேண்டும். நிலம் குலுங்கி மேல்பூச்சுக் கான்கிரீட் உதிர்ந்தாலும் அந்தக் கொக்கிதான் கம்பிகளைப் பிடித்து வைக்கும். சென்னைப் பகுதி 2002இல் நிலநடுக்க மண்டலம் மூன்றுக்கு உயர்த்தப்பட்டது. உங்கள் ஊர் தூரத்தில் இல்லை.

அலுவலகத்தில் பிளான் பாஸ் ஆகும்போது யாரும் இந்த ரிங்கைப் பார்ப்பதில்லை. அங்கே இடைவெளி, உயரம், பரப்பு பார்ப்பார்கள். கம்பிக்கும் அஸ்திவாரத்துக்கும் கையெழுத்துப் போடும் கட்டமைப்புப் பொறியாளர்தான் பொறுப்பு. 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் விழுந்து 61 பேர் இறந்தார்கள். அதுவும் அனுமதி பெற்ற கட்டடம்தான். அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

கேள்வி: சுயசான்று முறையில் விண்ணப்பித்து அன்றே அனுமதி வாங்கிவிட்டேன். யாரும் இடத்தைப் பார்க்க வரவில்லை. வராதது நல்லதா, கெட்டதா? - திருச்சி வாசகர்

பதில்: நல்ல திட்டம் தம்பி. 2024 ஜூலையில் தொடங்கினார்கள். விதிப்படி கட்டுகிறேன் என்று மனைக்காரரே சான்று கொடுக்கும் முறை இது. தொடங்கியபோது வைத்த வரம்பு: 2,500 சதுர அடி வரை மனை, அதில் 3,500 சதுர அடி வரை கட்டடம், தரைத்தளம் அல்லது தரையும் முதல் மாடியும், உயரம் 7 மீட்டருக்குள். முன்கூட்டிய கள ஆய்வு கிடையாது. சாதாரணக் குடும்பங்கள் ஒரு கையெழுத்துக்காக மாதக்கணக்கில் நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அது தீர்ந்ததில் எனக்கு மகிழ்ச்சி.

ஆனால் ஆய்வாளர் வந்து டேப் பிடிக்கும் வேலையை இப்போது நீங்கள்தான் செய்ய வேண்டும். ஒரு சம்பவம் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஓர் அம்மா நகை அடகு வைத்து வீடு தொடங்கினார். பிளானில் பக்க இடைவெளி ஒன்றரை மீட்டர். அடித்தளம் எழும்பிய அன்று காலை நான் போய் அளந்தேன். ஒரு மீட்டர் ஐந்து சென்டிமீட்டர். மறுபடி அளந்தேன், அதேதான். மேஸ்திரி சத்தியம் செய்கிறார், சரியாகத்தான் விட்டேன் என்று. அவர் பொய் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தன் காம்பவுண்டுச் சுவரைத் தன் எல்லைக்கு உள்ளே தள்ளிக் கட்டியிருந்தார். மேஸ்திரி அந்தச் சுவரிலிருந்து அளந்துவிட்டார். சர்வே கல்லைத் தேடினால் செடிக்கு அடியில் புதைந்து கிடந்தது. மண்வெட்டியால் தோண்டி எடுத்து, மனையின் சர்வே அளவுகள் உள்ள புலப்பட நகலை விரித்து, நூல் பிடித்துக் காட்டிய பிறகுதான் எல்லோருக்கும் விளங்கியது.

அடித்தளம் என்பதால் அந்தப் பக்கத்தை மட்டும் இடித்துத் தள்ளிக் கட்டினார்கள். அந்த அம்மா அழுதார், எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அதே தெருவில் இன்னொருவர் ரூஃப் கான்கிரீட் போட்ட பிறகு இதே தவறு தெரியவந்தது. அவரால் எதையும் நகர்த்த முடியவில்லை, அண்டை வீட்டாரோடு வழக்கு வருடக்கணக்கில் ஓடியது.

ஆகவே தம்பி, புலப்பட நகல் கையில் இருக்கட்டும். சர்வே கல்லிலிருந்து அளக்கச் சொல்லுங்கள், எந்தச் சுவரிலிருந்தும் வேண்டாம். அடித்தளம் எழும்பியதும் நான்கு பக்கமும் அளந்து, டேப்போடு போட்டோ எடுத்து வையுங்கள். மழைநீர் சேகரிப்பை விட்டுவிடாதீர்கள். 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் அது கட்டாயம். அப்புறம், வெளிப் படிக்கட்டை விட்டுவைத்த இடைவெளிக்குள் இறக்காதீர்கள். பிளானில் இல்லாத படிக்கட்டு அங்கேதான் முளைக்கிறது. தீ பிடித்தால் ஆள் உள்ளே வரவேண்டிய வழி அது. 2004 ஜூலை 16இல் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள் போனபோது, கீற்றுக் கூரையும் குறுகலான படிக்கட்டும்தான் அவர்களை வெளியே விடவில்லை.

கேள்வி: கூடுதலாக ஒரு அறை போட்டுவிட்டேன். பிறகு அபராதம் கட்டி வரன்முறை செய்துகொள்ளலாம் என்கிறார் தரகர். - மதுரை வாசகர்

பதில்: நம்பாதீர்கள். அவர் நினைப்பது நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-சி பிரிவாக இருக்கும். அது 2007 ஜூலை 1க்கு முன் கட்டி முடித்த கட்டடங்களுக்கு மட்டும். உங்கள் அறை மனையின் பரப்புக் கணக்குக்கும் இடைவெளிக்கும் உட்பட்டு வந்தால், திருத்திய பிளான் போட்டு இப்போதே அனுமதி கேளுங்கள். வராவிட்டால், பூச்சு வேலைக்கு முன்பே எடுத்துவிடுவதுதான் செலவு குறைந்த வழி.