சென்னைல டிப்ளமோ முடிச்சவங்க செமிகண்டக்டர் டெக்னீஷியனா போகலாமா, எல்லாத்தையும் மெஷினே செய்யுதே, நமக்கு அங்க என்ன வேலை?

தாராளமா போகலாம். ஆனா சிப் டிசைன் பண்ணப் போறோம்னு நெனச்சு வராதீங்க, இது சுத்தமா மெஷினோட மல்லுக்கட்டுற வேலை. நான் சென்னைக்கு வெளிய ஒரு அசெம்பிளி யூனிட்ல வயர் பாண்டிங் (சிப்ப வெளிக் கால்களோட மெல்லிசு கம்பியால இணைக்கிறது) செக்‌ஷன்ல இருக்கேன், எங்க ஷிப்ட்ல கை நல்லா வர்ற ரெண்டு பேருமே மெக்கானிக்கல் டிப்ளமோதான், இசிஇ படிச்ச எனக்கு வேலைய சொல்லிக் குடுத்ததும் அவங்கதான்.

சிலிக்கான் வேஃபர்னு சொல்ற மெல்லிசு வட்டத் தகடு மேல சர்க்யூட்டையே உருவாக்குற இடத்துக்கு ஃபேப்னு பேரு. குஜராத் தொலேரால டாடாவும் தைவான் கம்பெனி பிஎஸ்எம்சியும் சேர்ந்து 91,000 கோடில போடறாங்களே, 2024ல மத்திய அரசு ஓகே சொன்னது, அது ஃபேப். அந்த மாதிரி இடத்துலேர்ந்து வர்ற வேஃபர துண்டு துண்டா அறுத்து, லீட்ஃப்ரேம்னு ஒரு உலோகச் சட்டத்துல ஒட்டி, வயர் போட்டு, கருப்பு மோல்டுக்குள்ள அடைச்சு, டெஸ்ட் பண்ணி அனுப்புறது அசெம்பிளி. மறைமலை நகர்ல ஸ்பெல் 80கள்ல ஆரம்பிச்ச கம்பெனி, அவங்க பண்றது இதத்தான், நம்ம ஊர்க்காரங்களுக்கே நெறைய பேருக்கு தெரியாது. சென்னைய விட்டு நகர மாட்டேன்னா இந்த பக்கம்தான் தேடணும்.

இப்ப உங்க ரெண்டாவது கேள்வி. வயர் பாண்டர் தானாத்தான் ஓடுது, ஒரு செகண்டுக்குள்ள பல வயர் போட்டுடும், நாம வேடிக்கை பாத்தா போதும்னு தோணும். அது நிக்கும்போதுதான் நமக்கு வேலை. தங்க வயர் 25 மைக்ரான் இருக்கும், தலைமுடில மூணுல ஒரு பங்கு கனம். அது கேப்பில்லரின்னு ஒரு செராமிக் முனை வழியா இறங்கும், ஒரு ஸ்பார்க் அடிச்சு நுனிய உருண்டையாக்கி, சூடு, அழுத்தம், அல்ட்ராசோனிக் அதிர்வு மூணும் சேர்த்து சிப் மேல இருக்குற பேட்னு ஒரு சின்ன உலோக இடத்துல ஒட்டும். அறுந்துச்சுன்னா மைக்ரோஸ்கோப்ல கண்ண வச்சு ட்வீசர்ல புடிச்சு அந்த ஓட்டைல திரும்ப கோக்கணும், மூச்சு விட்டா கூட வயர் ஆடும். தங்கம் விக்கிற வெலைக்கு நெறைய ப்ராடக்ட் காப்பருக்கு மாறிடுச்சு, அது இன்னும் முரடு, ஸ்பார்க் அடிக்கிற எடத்துல நைட்ரஜனும் கொஞ்சம் ஹைட்ரஜனும் கலந்த கேஸ் போகலன்னா உருண்டை ஆக்ஸிடைஸ் ஆயிடும்.

அடிக்கடி வர்றது நான் ஸ்டிக் அலாரம், அதாவது உருண்டை பேட்ல ஒட்டல. புதுசா வர்ற பசங்க எல்லாரும் உடனே என்ன பண்ணுவாங்கன்னா அல்ட்ராசோனிக் பவர ஒரு புள்ளி ஏத்துவாங்க, ஒட்டிக்கும், மெஷின் ஓடும், சூப்பர்வைசர் ஹேப்பி. ஆனா பேடுக்கு அடியில இருக்குற சிலிக்கான்ல விரிசல் விழுந்திருக்கலாம், அது இன்னிக்கு டெஸ்ட்ல பாஸ் ஆகிட்டு ஆறு மாசம் கழிச்சு யாரோ ஒருத்தர் கார்ல புட்டுக்கும். அதனால பவர்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி கேப்பில்லரி தேஞ்சிருக்கா, க்ளாம்ப் லீட்ஃப்ரேம இறுக்கி புடிக்குதா, ஹீட்டர் ப்ளாக் டெம்பரேச்சர் சரியா, பேட்ல எப்பாக்சி (சிப்ப ஒட்டுற பசை) கசிஞ்சிருக்கானு ஒண்ணொண்ணா பாத்துட்டு வரணும். அப்புறம் வயர இழுத்து அறுத்து பாக்குற புல் டெஸ்ட், உருண்டைய தள்ளி பாக்குற ஷியர் டெஸ்ட். மானிட்டர்ல அவுட்புட் கவுண்ட் குறைஞ்சிட்டே இருக்க, லைன் மொத்தமும் நம்மளயே பாக்கும், அப்பவும் அவசரப்படாம இத செய்றவனதான் நான் டெக்னீஷியன்னு சொல்வேன்.

கஷ்டம்னா நைட் ஷிப்ட், நின்னுட்டே இருக்கணும், தலைலேர்ந்து கால் வரைக்கும் கோட்டு. முகத்துக்கு பவுடர், நெத்தில விபூதி, தலைல பூ எதுவும் உள்ள அலவ்டு இல்ல, எல்லாமே தூசி. (எங்க அம்மாவுக்கு இன்னும் இது ஒரு மனக்குறை.) சென்னை ஈரப்பதம் வேற தனி தலைவலி. சிப் ஈரத்த உறிஞ்சிடுச்சுன்னா பின்னாடி போர்டுல சால்டர் பண்ற சூட்டுல உள்ள இருக்குற தண்ணி ஆவியாகி பேக்கேஜே வெடிக்கும், அதனால 125 டிகிரில சூடாக்கி ஈரத்த எடுத்து, சிலிக்கா ஜெல்லும் ஈரம் பட்டா கலர் மாறுற கார்டும் போட்டு காத்த உறிஞ்சி கவர்ல சீல் வைப்போம். மழைக்காலத்துல ஏசி ஒரு மணி நேரம் மக்கர் பண்ணா போதும், ஆளாளுக்கு ஈரப்பதம் காட்டுற ஹைக்ரோமீட்டர் முன்னாடி நிப்போம்.

சம்பளம் ஆரம்பத்துல சொல்லிக்கிற மாதிரி இருக்காது, அப்ரண்டிஸாத்தான் எடுப்பாங்க. கைவேலை வந்தப்புறம் குஜராத்ல சானந்த், சிங்கப்பூர், மலேசியால பினாங்குனு கதவு தெறக்கும், எங்க சீனியருங்க நெறைய பேரு அப்படி போனவங்கதான்.

ஒண்ணே ஒண்ணு, இந்த வேலைக்குன்னு சொல்லி விஎல்எஸ்ஐ கோர்ஸ்ல லட்ச ரூபா கட்டிடாதீங்க. அது சிப் டிசைன் வேலைக்கு, நல்ல படிப்புதான், ஆனா இங்க யாரும் அத கேக்க மாட்டாங்க. காலேஜ் லேப்ல மைக்ரோஸ்கோப் வச்சு எஸ்எம்டி சால்டரிங் (போர்டு மேல குட்டி பாகங்கள ஒட்டுறது) பண்ணியிருக்கீங்களா, காத்தழுத்தத்துல ஓடுற நியூமேட்டிக் சர்க்யூட் பாத்து ரிப்பேர் பண்ணியிருக்கீங்களா, ரெஸ்யூமேல அத மேல போடுங்க, இன்டர்வியூல அங்கேர்ந்துதான் ஆரம்பிப்பாங்க.