மரச்சட்டச் சுவருக்குச் சிமெண்ட் ஆகுமா?

கேள்வி: டெக்ஸாஸின் ஃப்ரெட்ரிக்ஸ்பர்க்கில் ஜெர்மானியர் கட்டிய பழைய வீட்டை வாங்கியிருக்கிறோம். வெளிச்சுவரில் மரச்சட்டங்கள், நடுவே கல். இரண்டும் சேரும் இடத்தில் விரல் நுழையும் இடைவெளி. சிமெண்ட் வைத்து அடைத்துவிடலாம் என்கிறார் கொத்தனார். செய்யலாமா?

பதில்: கொத்தனாரை இப்போதைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இந்தக் கட்டுமானத்துக்கு ஜெர்மன் மொழியில் ‘ஃபாக்வெர்க்’ என்று பெயர். கூரையின் பாரம் முழுவதும் சட்டத்தின்மேல்தான். கல் இடத்தை நிரப்ப வந்தது. 1846இல் அந்த ஊரை அமைத்தவர்கள் இந்தத் தச்சுமுறையைக் கையோடு கொண்டுவந்தார்கள். தாய்நாட்டில் சட்டங்களுக்கு நடுவே குச்சிகளைப் பின்னி, வைக்கோல் கலந்த களிமண்ணை அப்புவார்கள். அல்லது செங்கல் வைப்பார்கள். இங்கே காலடியிலேயே சுண்ணாம்புக்கல் கிடந்ததால் அதை அடுக்கினார்கள். அவ்வூர் அருங்காட்சியகத்தில் 1849இல் கட்டப்பட்ட காம்லா வீடு இருக்கிறது. எதையும் தொடுவதற்கு முன் அதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மரம் பருவத்துக்கேற்ப ஊதும், சுருங்கும், கல் அசையாது. இடைவெளி விழுவது அதனால்தான். இறுகிய சிமெண்ட் விட்டுக்கொடுக்காது. ஓரத்தில் மயிரிழை விரிசல் விழும், மழைநீர் அதன் வழியே இறங்கும், ஆனால் ஆவியாகி வெளியேற வழியிராது. வெளியே சுவர் பளிச்சென்று இருக்க, உள்ளே சட்டம் உளுத்துக்கொண்டிருக்கும்.

ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் சேர்த்த காரைதான் இதற்கு மருந்து. அது கல்லைவிட மெத்தென்று இருக்க வேண்டும். உதிர்ந்ததைச் சுரண்டி, கல்லை நனைத்து, மெல்லிய படலங்களாக வையுங்கள். ஒரே மூச்சில் திணிக்காதீர்கள். ஈரச் சாக்கு போர்த்தி நிதானமாகக் காயவிடுங்கள். கொளுத்தும் வெயிலிலும் உறைபனியிலும் இந்த வேலை கூடாது.

அதற்கும் முன்னால், தரையை ஒட்டிப் படுத்திருக்கும் அடிச்சட்டத்தைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். முனை வெண்ணெயில் போல இறங்கினால் முதலில் கூப்பிட வேண்டியவர் தச்சர். ஊரின் பழைய பகுதி 1970 முதல் தேசிய வரலாற்றுப் பதிவேட்டில் இருக்கிறது. வெளிப்புற வேலைக்கு அனுமதி வேண்டுமா என்று நகராட்சியில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

பழைய பூச்சை உரிக்கும்போது மூட்டுகளில் ரோமன் எண்கள் வெட்டியிருந்தால் இழைத்துவிடாதீர்கள். சட்டங்களைத் தரையில் கிடத்திப் பொருத்திப் பார்த்துப் பிரித்த தச்சர், நிறுத்தும்போது எது எதோடு சேரும் என்று தெரிவதற்காக இட்ட குறி அது.