அட்டையில் ஒட்டிய கோலம்

மதிப்பிற்குரிய ஐயா,

என் மகள் சி.பி.எஸ்.இ. பள்ளியில் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். கணக்குப் பாடத்துக்கான கலை ஒருங்கிணைந்த செயல்திட்டத்துக்கு, ஒரு கோலத்தின் படத்தை அச்செடுத்துச் சார்ட்டில் ஒட்டி, ஓரத்தில் ஜிகினா வைத்துக் கொடுத்தோம். ஒட்டியது நானும் என் கணவரும்தான், அவள் தூங்கிவிட்டாள். முழு மதிப்பெண் கிடைத்தது. படிப்பில் கலையைச் சேர்ப்பது இதுதானா? இசை, நடனம், நாடகம் எல்லாம் ஆண்டு விழாவோடு நின்றால் போதாதா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி)

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் தேர்ந்தெடுத்த பொருள் மிகச் சரியானது. அதை அவள் கையால் போடவில்லை என்பதுதான் குறை. வரிசைக்கு நான்காக மூன்று வரிசை நேர்ப்புள்ளி வைத்து, புள்ளிகளுக்கிடையே சாய்வாகச் சென்று ஓரங்களில் மட்டும் வளைந்து திரும்பும் எளிய சிக்குக் கோலத்தைப் போடச் சொல்லுங்கள். தொடங்கிய இடத்துக்கே வந்து ஒரே இழையில் முடியும். மூன்றுக்கு மூன்று புள்ளியென்றால் மூன்று இழைகள் வேண்டும். நான்குக்கு ஆறு என்றால் இரண்டு. இழைகளின் எண்ணிக்கை, அந்த இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணி. நாலைந்து கோலம் போட்டபின் இதை அவளே கண்டுபிடித்துவிடுவாள், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாமலிருந்தால்.

1901-இல் சாந்திநிகேதனில் பள்ளி தொடங்கிய தாகூர், கலையைப் பாடத்தின் ஓரத்து ஜிகினாவாக நினைக்கவில்லை. 1930-இல் வெளிவந்த அவருடைய 'சஹஜ் பாட்' என்னும் அரிச்சுவடியில், வங்க எழுத்துகளை அவரது சந்தமும் ஓவியர் நந்தலால் போஸின் கறுப்பு வெள்ளை அச்சுப்படங்களும் சேர்ந்தே அறிமுகப்படுத்துகின்றன. பாட்டை எடுத்துவிட்டால் அங்கே பாடமே இல்லை. கிராமத்துப் பெண்கள் தரையில் இட்டுவந்த ஆல்பனாவும் (நம் கோலத்துக்கு வங்கத்துத் தங்கை) அங்குள்ள கலாபவனம் என்னும் கலைப்பள்ளியில் பயிற்சியாயிற்று. நடனத்தை மட்டும், ஊர் வாய்க்கு அஞ்சியோ என்னவோ, முதலில் தாளத்தோடு கூடிய உடற்பயிற்சி என்ற பெயரில்தான் நுழைத்தார்கள்.

சூத்திரங்களைச் சினிமா மெட்டில் பாடவைப்பது மனப்பாடத்துக்கு உதவும், ஆனால் அதனால் காது பழகாது. சுருதியோடு சேர்ந்து பாட, இசைக்கென்றே தனி வகுப்பு வேண்டும்.

ஆண்டு விழாவில் நன்றாக ஆடத் தெரிந்த சிலர் முன்வரிசைக்குப் போக, மற்றவர்கள் மரமாகவும் அலையாகவும் நிற்கிறார்கள். நாடகத்தின் பயன் வகுப்பறை ஒத்திகையில் இருக்கிறது. கட்டபொம்மனாக நடிக்க எல்லோரும் கைதூக்குவார்கள். ஜாக்சன் துரையாக நடிக்க நேர்ந்த பிள்ளைதான், 1798-இல் கும்பினி எந்த உரிமையில் கிஸ்தி கேட்டது என்று தேடிப் படிக்கவேண்டியிருக்கும்.

அடுத்த முறை சார்ட் கேட்டால், வாசலில் அவள் போட்ட கோலத்தை, அழித்துத் திருத்திய தடங்களோடு படமெடுத்து ஒட்டி அனுப்புங்கள். மதிப்பெண் சற்றுக் குறையலாம்.