ஆர்கேட் மானிட்டரில் எதையெல்லாம் சொருகலாம்? கேள்வி பதில்

காசு போட்டு ஆடும் பழைய வீடியோ கேம் பெட்டிகளின் (ஆர்கேட் கேபினட்) மானிட்டரைப் பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே ரகம்: "இந்தப் பக்கம் இந்த பிளக், அந்தப் பக்கம் அந்த சாக்கெட், நடுவில் என்ன டப்பா வாங்க?" பிளக்கைக் கொஞ்சம் மறந்துவிடுங்கள். ஸ்கேன் வேகம் (நொடிக்கு எத்தனை கோடு வரைகிறது), சிக்னலின் வோல்டேஜ், சின்க் (ஒவ்வொரு கோடும் படமும் எப்போது தொடங்குகிறது என்று சொல்லும் சிக்னல்) வரும் விதம், இந்த மூன்றும் பொருந்தினால் வெறும் ஒயரைப் பற்றவைத்தே படம் வரவழைக்கலாம். பொருந்தாவிட்டால், பிளக்கை மட்டும் மாற்றும் அடாப்டர் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் வராது.

கேள்வி: அண்ணா, அமெரிக்காவிலிருந்து வந்த பழைய கேபினட், உள்ளே 19 அங்குல வெல்ஸ் கார்ட்னர் கே7000 மானிட்டர். கம்ப்யூட்டரின் விஜிஏ ஒயரை வெட்டி ஆர், ஜி, பி (சிவப்பு, பச்சை, நீலம்), சின்க் எல்லாம் சரியாகத்தான் கொடுத்தேன். படம் துண்டு துண்டாகக் கிழிந்து வருகிறது, "கீ..." என்று சத்தம் வேறு. மானிட்டர் போச்சா?

பதில்: முதலில் அணைத்துவிடுங்கள் தம்பி. மானிட்டர் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். கே7000 நொடிக்கு சுமார் 15,700 கோடுகள் வரையும், இதைத்தான் சுருக்கமாக 15 கிலோ ஹெர்ட்ஸ் என்பார்கள். விஜிஏவில் 640×480 படத்துக்கு 31,469 கோடுகள் வேண்டும், அதாவது இரண்டு மடங்கு. மானிட்டரில் கோடுகளுக்குத் தாளம் போடும் ஆசிலேட்டர் அந்த வேகத்தைப் பிடிக்க முடியாமல் தடுமாறுவதுதான் நீங்கள் பார்த்த கிழிசல். ஹாரிசாண்டல் ஹோல்டைத் திருகிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், அது சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேல் நகராது. இப்படியே ஓடவிட்டால் ஹாரிசாண்டல் அவுட்புட் டிரான்சிஸ்டரும் நம் மெக்கானிக்குகள் எல்ஓடி என்று சொல்லும் டிரான்ஸ்ஃபார்மரும் சூடேறிப் போய்விடும்.

எல்லா ஆர்கேட் மானிட்டரும் 15 கிலோ ஹெர்ட்ஸ்தான் என்றும் எண்ண வேண்டாம். 24 கிலோ ஹெர்ட்ஸில் ஓடும் நடுத்தர ரகம் உண்டு, 31 உண்டு, இரண்டு மூன்று வேகங்களைத் தானே கண்டுபிடித்து மாறிக்கொள்பவையும் உண்டு. சேசிஸில் (மானிட்டரின் சர்க்யூட் போர்டில்) ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் பார்த்துவிட்டு மற்றதைப் பேசலாம்.

கேள்வி: அப்படியானால் கம்ப்யூட்டரை 15 கிலோ ஹெர்ட்ஸுக்கு இறக்குவது எப்படி?

பதில்: விஜிஏ அல்லது அனலாக் டிவிஐ சாக்கெட் உள்ள பழைய ரேடியான் கிராபிக்ஸ் கார்டு ஒன்றைத் தேடுங்கள். எச்டி 5000 வரிசைக் கார்டுகள் பழைய சாமான் கடைகளில் கொள்ளை மலிவு. அதில் சிஆர்டி எமுடிரைவர் என்ற டிரைவர் மென்பொருளைப் போட்டால் விண்டோஸே 15 கிலோ ஹெர்ட்ஸில் படம் தரும். பழைய ஆர்கேட் ஆட்டங்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் குரூவிமேம் மென்பொருள் அதோடு சேர்ந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அதன் சொந்த ரெசல்யூஷனை வைத்துக்கொள்ளும்.

ஒரு பொறி இருக்கிறது. கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் வரும் பயாஸ் எழுத்துகள் 31 கிலோ ஹெர்ட்ஸில்தான் வரும். விண்டோஸ் எழும்வரை மானிட்டரை அணைத்து வையுங்கள். இல்லையென்றால் கம்ப்யூட்டருக்கும் கேபினட்டுக்கும் நடுவே போடும் ஜேபேக் போர்டு வாங்குங்கள். வேகம் தப்பாக வந்தால் அது சிக்னலைத் தடுத்துவிடும்.

ராஸ்பெர்ரி பை வைத்திருப்பவர்களுக்கு இதைவிட எளிது. அந்தக் குட்டிக் கம்ப்யூட்டரின் ஜிபிஐஓ பின்களில் ஒரு ரெசிஸ்டர் போர்டைச் சொருகி, செட்டிங்கையும் மாற்றினால் நேரடியாக 15 கிலோ ஹெர்ட்ஸ் ஆர்ஜிபி கிடைக்கும்.

கேள்வி: கடையில் எச்டிஎம்ஐ-விஜிஏ அடாப்டர் கிடைக்கிறதே, அது போதாதா?

பதில்: போதாது. அது எச்டிஎம்ஐயில் வருவதை அதே வேகத்தில் அனலாக்காக மாற்றும், வேகத்தை இறக்காது.

கேள்வி: நான் 15 கிலோ ஹெர்ட்ஸ் வரை வந்துவிட்டேன். படம் அசையாமல் நிற்கிறது, ஆனால் மங்கல். பின்னால் உள்ள ஸ்க்ரீன் பிரீசெட்டைத் திருகினால் பிரகாசம் வருகிறது, கூடவே குறுக்கே சாய்ந்த வெள்ளைக் கோடுகளும் வருகின்றன.

பதில்: திருகியதைப் பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள். அந்தக் கோடுகள் ரீட்ரேஸ் கோடுகள். எலக்ட்ரான் கற்றை கீழிருந்து மேலே திரும்பும் பாதை இருட்டாக இருக்க வேண்டும், நீங்கள் அதையும் வெளிச்சம் போட்டுக் காட்டிவிட்டீர்கள். கறுப்பு சாம்பலாகிவிட்டதையும் கவனித்திருப்பீர்கள்.

குறை மானிட்டரில் இல்லை. ஆர்கேட் போர்டுகள் (கேபினட்டில் ஆட்டம் ஓடும் சர்க்யூட் போர்டுகள்) ஒவ்வொரு நிறத்தையும் 3 முதல் 5 வோல்ட் வரை அனுப்புபவை, மானிட்டரும் அதை எதிர்பார்த்தே செய்யப்பட்டது. கம்ப்யூட்டர் தருவது 0.7 வோல்ட். நடுவில் மூன்று நிறத்துக்கும் வீடியோ ஆம்ப்ளிஃபயர் வேண்டும். ஜேபேக்கில் அது உள்ளேயே இருக்கிறது.

கேள்வி: விஜிஏவில் சின்க் இரண்டு ஒயராக வருகிறது, என் மானிட்டரில் ஒன்றுதான் இருக்கிறது.

பதில்: 74எல்எஸ்86 என்ற எக்ஸார் சிப் சில ரூபாய்தான். எச் (ஹாரிசாண்டல் சின்க்) ஒரு பின்னில், வி (வெர்டிகல் சின்க்) ஒரு பின்னில், வெளியே இரண்டும் சேர்ந்த காம்போசிட் சின்க். பல சேசிஸ்களில் நெகட்டிவுக்கும் பாசிட்டிவுக்கும் தனித்தனிப் பின்கள் இருக்கும், ஜாமா போர்டுகள் (ஜாமா என்ற பொதுவான இணைப்பு முறையில் வரும் ஆர்கேட் போர்டுகள்) தருவது நெகட்டிவ் என்பதை நினைவில் வையுங்கள்.

கேள்வி: நம்மூர் 230 வோல்ட்டை 110 ஆக்கும் டப்பா வாங்கி, அதே கே7000 ரக மானிட்டரை ஓட்டுகிறேன். தனியாக ஓடுகிறது. கம்ப்யூட்டரை இணைத்த அடுத்த நொடி ஃபியூஸ் போகிறது. மூன்றாவது ஃபியூஸ் சார்.

பதில்: நான்காவது ஃபியூஸ் போடாதீர்கள். கே7000, எலக்ட்ரோஹோம் ஜி07 போன்றவற்றில் கரண்ட் நேராக பிரிட்ஜ் ரெக்டிஃபயருக்குப் போகிறது. சேசிஸ் கிரவுண்டுக்கும் மெயின்ஸுக்கும் நடுவே ஒரு டயோடுதான். கம்ப்யூட்டரின் கிரவுண்ட் சுவரில் உள்ள எர்த்தோடு சேர்ந்தது. ஆர்ஜிபி கிரவுண்டை இணைத்ததும் மெயின்ஸ் அந்த டயோடு வழியாக எர்த்துக்கு ஷார்ட் ஆகிறது. ஃபியூஸ் போனது உங்கள் நல்ல நேரம், நீங்கள் ஒரு கையில் சேசிஸையும் மறு கையில் கேபினட்டின் எர்த் இரும்பையும் தொட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அமெரிக்கக் கேபினட்டின் அடியில், மானிட்டரை மெயின்ஸிலிருந்து பிரித்து வைக்கும் கனமான ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று இருந்திருக்கும். யாரோ எடைக்குப் போட்டிருப்பார்கள். நீங்கள் வாங்கிய மலிவு டப்பா பெரும்பாலும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர். உள்ளே ஒரே சுற்று, வோல்டேஜ் குறையும், பிரிப்பு இருக்காது. 230-க்கு ஒரு சுற்று, 120-க்குத் தனிச் சுற்று என்று இரண்டும் ஒன்றையொன்று தொடாத டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். பிளக்கைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் பாருங்கள்: உள்ளே போகும் பின்னுக்கும் வெளியே வரும் பின்னுக்கும் தொடர்பு காட்டினால் அது ஆட்டோ. டிரான்ஸ்ஃபார்மர் கட்டுபவர்களிடம் சொன்னால் 200 விஏவில் சுற்றித் தருவார்கள்.

சேசிஸைக் கழற்றப் போகிறவர்களுக்கு இன்னொன்று. டியூபின் ஆனோடில் 20,000 வோல்ட்டுக்கு மேல் நின்றிருக்கும், அணைத்த பிறகும் மிச்சம் இருக்கும். டியூபைச் சுற்றியுள்ள பின்னல் கம்பியில் ஒரு ஒயரைக் கவ்வவைத்து, மறுமுனையை ஸ்க்ரூடிரைவரில் கட்டி, ரப்பர் மூடிக்குள் விட்டு டிஸ்சார்ஜ் செய்யுங்கள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை.

கேள்வி: முதல் பிளேஸ்டேஷனை இதே மானிட்டரில் ஓட்ட முடியுமா?

பதில்: அருமையாக ஓடும், அதுவும் 15 கிலோ ஹெர்ட்ஸ்தான். ஆர்ஜிபி கேபிளில் சின்க் தனியாக வராமல் காம்போசிட் வீடியோவுக்குள் ஒளிந்திருந்தால் எல்எம்1881 சிப் அதைப் பிரித்துத் தரும். இங்கேயும் 0.7 வோல்ட்தான், ஆம்ப்ளிஃபயர் வேண்டும்.

கேள்வி: ஆர்கேட் மானிட்டருக்கு எங்கே போவேன்? பழைய 21 அங்குல டிவியைக் கேபினட்டில் வைத்தால்?

பதில்: என்னைக் கேட்டால் நம்மூரில் இதுதான் புத்திசாலித்தனம். வீட்டு டிவியும் 15 கிலோ ஹெர்ட்ஸ், மஞ்சள் ஏவி சாக்கெட் உள்ள டிவி என்றால் ஐசோலேஷனும் உள்ளேயே உண்டு. குறை ஒன்றுதான், ஆர்ஜிபி உள்ளே போக வழி இல்லை. அதற்கு ஒரு கொல்லைப்புற வாசல் இருக்கிறது.

ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டினால் திரையில் பச்சைக் கோடு வருமல்லவா? அதை மைக்ரோகண்ட்ரோலர் ஆர், ஜி, பி என மூன்று ஒயர்களில் வீடியோ ஐசிக்கு அனுப்புகிறது. நான்காவதாக பிளாங்கிங் என்று ஒரு ஒயர், "இப்போது படத்தை விடு, இதைக் காட்டு" என்று சொல்வதற்கு. அந்த மூன்று பின்களில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வழியாக நம் சிக்னலைக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் கெப்பாசிட்டருக்கு முன்னால் 75 ஓம் ரெசிஸ்டரைக் கிரவுண்டுக்குப் போட்டு, பிளாங்கிங் பின்னுக்கு டேட்டாஷீட் சொல்லும் வோல்டேஜைக் கொடுங்கள். சின்க்கை மஞ்சள் சாக்கெட்டில் விட்டு டிவியை ஏவியில் வையுங்கள். பிஏஎல், என்டிஎஸ்சி தகராறே இல்லை, ஆர்ஜிபியில் நிறத்துக்குக் குறியீடு கிடையாது.

கடைசிக் காலத்து டிவிகளில் மைக்ரோகண்ட்ரோலரும் வீடியோ ஐசியும் ஒரே சிப்பாகிவிட்டன, வெளியே ஒயர் இருக்காது. சிலவற்றில் வெளி ஆர்ஜிபிக்கென்றே பின்கள் உண்டு. டேட்டாஷீட் பார்க்காமல் பற்றவைக்கும் இரும்பைச் சூடாக்காதீர்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது ஜாமா போர்டு, எல்சிடி மானிட்டரில் பார்க்க வேண்டும்.

பதில்: எதிர்த்திசைப் பயணம். ஜிபிஎஸ் 8200 என்ற கன்வெர்ட்டர் போர்டு 15 கிலோ ஹெர்ட்ஸை வாங்கி விஜிஏவாகத் தரும். ஜாமா இணைப்பில் 12-ஆம் பின் சிவப்பு, 13 நீலம், 14 கிரவுண்ட், மறுபக்கம் N பின் பச்சை, P பின் சின்க். நான்கு வோல்ட்டை 0.7-க்கு இறக்க நிறத்துக்கு ஒன்றாக 350 ஓம் அளவில் ரெசிஸ்டர் தொடரில் வேண்டும். 500 ஓம் பிரீசெட் (திருகிக் கூட்டிக் குறைக்கும் ரெசிஸ்டர்) போட்டு, முழு ரெசிஸ்டன்ஸில் தொடங்கி மெல்லக் குறையுங்கள். சின்க்குக்கு 470 ஓம். படம் சற்றுக் குழைவாகவும் தாமதமாகவும்தான் இருக்கும், சண்டை ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கேள்வி: டாங்கி காங் கேபினட்டில் வேறு போர்டு போட்டேன். எல்லா நிறமும் நெகட்டிவ் ஃபிலிம் மாதிரி இருக்கிறது.

பதில்: அந்தக் கேபினட்டின் சான்யோ மானிட்டர் தலைகீழ் வீடியோ கேட்பது. 1981-இல் நின்டெண்டோ போர்டும் அப்படியே அனுப்பியது. மூன்று நிறத்தையும் புரட்டிப்போடும் இன்வெர்ட்டர் போர்டு ஒன்று போடுங்கள்.

கேள்வி: 1979 ஆஸ்டராய்ட்ஸ் மானிட்டரில் கம்ப்யூட்டர் படம்?

பதில்: வராது. அது வெக்டர் மானிட்டர், கோடு கோடாக ஸ்கேன் செய்யும் வேலையே அதில் இல்லை. அதை ஆஸ்டராய்ட்ஸுக்கே விட்டுவிடுங்கள்.