தறி இழுக்கும் கையும் மார்பகச் சீரமைப்பும்

கேள்வி: சென்னிமலையில் கைத்தறியில் போர்வை நெய்கிறேன். வயது 47. இடது மார்பின் வெளிப்பக்கம் புற்றுநோய்க் கட்டி. மார்பை முழுசாக எடுக்க வேண்டியதில்லை, கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுக்கலாம் என்கிறார் டாக்டர். எனக்குச் சிறிய மார்பு, பள்ளம் விழும்; முதுகுச் சதையை வைத்து நிரப்பலாம் என்கிறார். அப்புறம் தறியில் உட்கார முடியுமா? பள்ளத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

பதில்: பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள், அம்மா. கதிர்வீச்சு பட்ட தோலும் கொழுப்பும் இறுகிவிடும், ரத்த ஓட்டம் குறையும். அந்த இடத்தை மறுபடி வெட்டித் தைத்தால் ஆறுவது சிரமம். கட்டியை எடுக்கும்போதே சீரமைப்பதுதான் நல்லது.

எடுப்பது மார்பின் அளவில் ஐந்தில் ஒரு பங்குக்குள் என்றால் பக்கத்துச் சதையை நகர்த்தித் தைத்தாலே பெரும்பாலும் போதும். அதைவிட அதிகமானால், சிறிய மார்புக்கு வெளியிலிருந்துதான் சதை கொண்டுவர வேண்டும்.

இங்கேதான் உங்கள் தறி வருகிறது. குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவை ஓட்ட வலது கை கயிற்றைச் சுண்டும். இடது கை அந்த நூலை நெருக்கும் பலகையை உடம்புப் பக்கம் இழுத்து அடிக்கும். அந்த இழுப்புக்குப் பலம் தருவதில் முதுகின் அகலத் தசைக்குப் பெரிய பங்கு உண்டு. அதை எடுத்தாலும் சமையல், துவையல் எல்லாம் செய்யலாம், மற்றத் தசைகள் ஈடுகட்டும். நாள் முழுக்கப் பலகை இழுப்பவருக்குக் குறை தெரியலாம். இதற்கு இன்னொரு வழி உண்டு: அக்குளுக்குக் கீழே விலாப்பக்கத் தோலையும் கொழுப்பையும் மட்டும் அதன் ரத்தக் குழாயோடு திருப்பி வைப்பது. தசையைத் தொடுவதில்லை. கட்டி வெளிப்பக்கம் இருப்பதால் உங்களுக்கு இது பொருந்த வாய்ப்பு அதிகம். நானாக இருந்தால் முதலில் இதைத்தான் யோசிப்பேன்.

மார்புக்குள் வைக்கும் சிலிக்கோன் பை இதற்கு அவ்வளவாக ஒத்துவராது. கதிர்வீச்சில் அதைச் சுற்றி இறுகிப்போகும். கடைசியில் சின்னக் குழி மிஞ்சினால், கதிர்வீச்சு முடிந்து சில மாதம் கழித்து வயிற்றுக் கொழுப்பை ஊசியால் நிரப்பலாம். அதில் கொஞ்சம் கரைந்துவிடும், இரண்டாம் முறையும் தேவைப்படலாம்.

எடுத்த கட்டியின் ஓரத்தில் புற்றுநோய் இருப்பதாகப் பரிசோதனையில் வந்தால் மறுபடி அறுவை வேண்டியிருக்கும். அதனால் கட்டி இருந்த இடத்தில் சிறு உலோகக் கிளிப் வைப்பார்களா என்று கேளுங்கள். கதிர்வீச்சுக்கும் அதுதான் அடையாளம்.

அறுவைக்கு முன் உங்களை நிற்கவைத்துப் பேனாவால் கோடு போடுவார்கள். படுத்தால் மார்பு சரிந்து வடிவம் மாறிவிடும் அல்லவா? அதற்கு முன்பே ஒருநாள் டாக்டர் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையால் பலகையை எப்படி இழுப்பீர்கள் என்று நான்கு முறை இழுத்துக் காட்டிவிடுங்கள்.