ராஸ் பள்ளிவாசல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கப் புல்வெளி மாவட்டங்களில் அண்மைக்காலம் வரை கிறிஸ்தவர்களைத் தவிர வேறு எவரும் குடியேறியதில்லை என்று நண்பர் ஒருவர் வாதிடுகிறார். வடக்கு டகோட்டாவில் பழைய பள்ளிவாசல் ஒன்று இருந்ததாகக் கேள்விப்பட்டேன். உண்மையா? வெறுப்பினால்தான் அது அழிந்ததா?

வாசகர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

உண்மைதான். மவுண்ட்ரெயில் மாவட்டத்தின் ராஸ் என்ற சிற்றூருக்கு அருகே 1929இல் அது கட்டப்பட்டது. கட்டியவர்கள், உதுமானியப் பேரரசின் சிரியாவிலிருந்து, பெரும்பாலும் இன்றைய லெபனான் பகுதியிலிருந்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்து நிலம் பெற்ற உழவர்கள். பாதி நிலத்துக்குள் இறங்கிய தாழ்வான கட்டடம் அது. அதற்கு முன்புவரை தொழுகையை வீடுகளிலேயே நடத்திவந்தார்கள்.

1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டம் 160 ஏக்கர் வரை நிலம் கொடுத்தது. குடியுரிமை பெற்றவரா, பெற விரும்புபவரா என்று கேட்டதே தவிர, மதத்தைக் கேட்கவில்லை. ஆகவே நார்வேயிலிருந்து வந்த லூத்தரன் குடும்பங்கள் வாழ்ந்த அதே மாவட்டத்தில் சிரிய முஸ்லிம்களும் நிலம் பெற முடிந்தது. ஆனால் பட்டா வேண்டுமானால் அவரவர் நிலத்திலேயே வீடு கட்டி, ஐந்தாண்டுகள் (1912க்குப் பின் மூன்றாண்டுகள்) குடியிருந்து பயிர் செய்யவேண்டும் என்பது நிபந்தனை. வீடுகள் விலகி விலகி அமைந்தன. எண்ணிக்கையில் சிறிய ஒரு சமூகத்துக்கு இது பெரும் சோதனை. 1874இல் ருஷ்யாவிலிருந்து கான்சஸ் மாநிலத்துக்கு வந்த மென்னனைட்டுகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரில் அலெக்சாண்டர்வோல் சபையினர் ஏறத்தாழ முழுச் சபையாகவே கப்பலேறியவர்கள். அவர்களின் திருச்சபை இன்றும் இருக்கிறது. ராஸ் முஸ்லிம்களுக்கு அந்த ஆள்பலம் இல்லை. பிள்ளைகள் அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் மணம் முடித்தார்கள், நகரங்களுக்குப் போனார்கள். ஆளற்றுப்போன கட்டடம் 1970களின் இறுதியில் இடிக்கப்பட்டது. அதன் முடிவுக்கு வெறுப்பைவிட இதுவே காரணம் என்பது என் எண்ணம். பிறை பொறித்த கல்லறைகள் இன்றும் அங்கே உள்ளன. அருகிலேயே 2005இல் சிறிய பள்ளிவாசல் ஒன்றும் எழுப்பப்பட்டது.

உங்கள் நண்பர் மறந்துவிட்ட இன்னொரு தரப்பும் உண்டு. அம்மாவட்டத்தின் தென்பகுதி மண்டான், ஹிடாட்சா, அரிக்காரா என்ற பூர்வகுடி மக்களுக்குரிய ஃபோர்ட் பெர்தோல்ட் ஒதுக்கீட்டு நிலத்துக்குள் வருகிறது. குடியேறிகளிடம் மதம் கேட்காத அதே அரசு, 1883இல் விதிமுறை வகுத்து, பூர்வகுடிகளின் சடங்கு நடனங்களையும் மருத்துவப் பூசாரிகளின் செயல்களையும் தண்டனைக்குரிய குற்றங்களாக்கியது. அந்த மாவட்டத்தின் மதப் பன்மையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இங்கிருந்துதான் தொடங்கவேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.